திட்டு வாங்கும் முறை: குடியிருப்பு ஆப்பை மாற்றியவளின் குறிப்புகள்

"நல்லா வெச்சீங்க எங்களுக்கு ஆப்பு." சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எனக்கு வந்த முதல் செய்தி இதுதான். முந்தைய இரவு பதினொரு மணிக்கு எங்கள் குடியிருப்பின் ஆப்பைப் புதுத் தோற்றத்துக்கு மாற்றிவிட்டு, ஏதோ புண்ணியம் செய்த திருப்தியில் தூங்கப் போயிருந்தேன். எழுந்து பார்த்தால் வாட்ஸப்பில் 43 செய்திகள். பாராட்டு ஒன்றே ஒன்று. அதுவும் என் தங்கை அனுப்பியது. அவள் இருப்பது கோயம்புத்தூரில்.

சென்னையில் மடிப்பாக்கம் பக்கம், 214 வீடுகள். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஏன் நின்றது, ஹால் எந்தத் தேதியில் காலி, மெயின்டனன்ஸ் கட்டியாச்சா, கேட்டில் நிற்பது யார் வீட்டு விருந்தாளி, எல்லாம் அந்த ஆப்பில்தான். 2017-ல் ஒரு கல்லூரிப் பையன் செய்து கொடுத்தது. பார்க்கச் சுமார்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெருங்குடியில் திரை வடிவமைக்கும் வேலை பார்க்கிறவள். சங்கக் கூட்டத்தில் சும்மா இருக்காமல் "இதைக் கொஞ்சம் நல்லா பண்ணலாமே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நல்ல திரை செய்வது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. நாலு பேர் தினமும் தொடுகிற ஒன்றை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், திட்டு வருகிறது, அதை எப்படி வாங்குவது என்பதுதான் விஷயம். பள்ளிக்கூடப் பெற்றோருக்கான ஆப் ஆனாலும் சரி, ஆபீஸில் லீவு எழுதும் பக்கம் ஆனாலும் சரி, முறை ஒன்றுதான்.

நாள் பார்த்து மாற்றுங்கள்

பஞ்சாங்கம் வேண்டாம், உங்கள் ஆட்களின் வாரம் தெரிந்தால் போதும். எங்கள் இடத்தில் சனிக்கிழமை காலைதான் அடுத்த வாரத்துக்கான லாரிக்குப் பெயர் கொடுப்பார்கள். அது தெரிந்தும் வெள்ளி இரவு மாற்றினேன் என்றால் என்னைத் திட்டியது நியாயம். மாதம் 1 முதல் 10 வரை மெயின்டனன்ஸ் கட்டும் நாட்கள், தொடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். கீழ்த்தள பார்க்கிங்கில் தண்ணீர் ஏறுகிற ராத்திரியில் 214 வீடும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறக்கும். அப்போது பட்டனைத் தேடவிட்டால் பாவம். செவ்வாய் அல்லது புதன், காலை பத்து மணிக்கு மேல், அடுத்த இரண்டு நாள் நீங்கள் போனோடு உட்கார முடிகிற வாரமாகப் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பே படம் போட்டுச் சொல்லுங்கள். பழைய திரை இடப்பக்கம், புதுத் திரை வலப்பக்கம், எது எங்கே போனது என்று அம்புக்குறி. விளக்கக் கட்டுரை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். அந்தப் படத்தை அச்செடுத்து லிஃப்டுக்குள்ளும் ஒட்டுங்கள். லிஃப்டில் நிற்கிற மனிதருக்கு வேறு வேலை கிடையாது, படித்தே தீருவார்.

முக்கியமாக, "பழைய தோற்றத்துக்குப் போக" என்று ஒரு பட்டன். குறைந்தது ஒரு மாதமாவது அது இருக்கட்டும். நான் வைக்கவில்லை. ஞாயிறு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து, கண் எரிய எரிய வைத்தேன்.

முதல் மூன்று நாள் வாயைத் திறக்காதீர்கள்

அதாவது, வாதாடாதீர்கள். "இது உங்கள் வசதிக்காகத்தான்" என்று எழுதவே எழுதாதீர்கள். வசதி கெட்டுப்போன ஆத்திரத்தில் இருப்பவருக்கு அதைவிட எரிச்சல் மூட்டும் வாக்கியம் தமிழில் இல்லை.

இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் விழுவது என்று நினைக்க வேண்டாம். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் முதன்முதலாக நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து ஃபேஸ்புக்கிலேயே குழு தொடங்கி, லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். இன்று அது இல்லாமல் ஃபேஸ்புக்கே இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2002-ல் சென்னையின் வெளியூர் பஸ்களைப் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனபோது, "ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க" என்று என் பெரியப்பா ஒரு வருஷம் புலம்பினார். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் அதே பெரியப்பா, "கோயம்பேடு எவ்வளவு கையடக்கமா இருந்தது தெரியுமா" என்கிறார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "பழகினால் சரியாகிவிடும்" என்று பெரியப்பா கதையை வைத்து எல்லாப் புகாரையும் தள்ளிவிடத் தோன்றும். கிளாம்பாக்கத்துக்கு ராத்திரியில் போய்ச் சேர வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னவரும் புலம்பத்தான் செய்தார். ஆனால் அவருடையது பழக்கம் போன வருத்தம் இல்லை. இரண்டும் ஒரே குரலில்தான் வரும். பிரித்தெடுப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், 80 பக்க நோட்டு போதும். நாலு கட்டம்: யார், எந்த போன், என்ன சொன்னார், அப்போது என்ன செய்யப் போயிருந்தார். நாலாவது கட்டத்துக்குத்தான் மதிப்பு. "படு கேவலமா இருக்கு" என்பது மூன்றாவது கட்டம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "சார், கடைசியா எதைப் பார்க்கத் திறந்தீங்க?" என்று கேட்டால் நாலாவது கட்டம் நிரம்பும். மூன்றாம் மாடியில் இருக்கும், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாரிடம் இப்படிக் கேட்டேன். "கலர் சரியில்லை, எழுத்து சரியில்லை, ஒண்ணுமே சரியில்லை" என்று ஆரம்பித்தவர், கடைசியில் "போன மாசம் கட்டின ரசீது எங்கேம்மா போச்சு?" என்றார். கலரில் ஒன்றும் இல்லை. ரசீதுப் பட்டியலை நான் இரண்டு திரை உள்ளே தள்ளியிருந்தேன். அவர் வருமான வரிக்கோ எதற்கோ அதை மாதாமாதம் அச்செடுத்து ஃபைலில் போடுகிறவர்.

மூன்று குவியல்

முதல் வார முடிவில் நோட்டில் 61 வரிகள். அவற்றை மூன்றாகப் பிரித்தேன்.

கை தேடுவது ஒன்று. இருந்தது, இடம் மாறிவிட்டது, விரல் பழைய இடத்துக்கே போகிறது. இது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அடங்கவில்லை என்றால் நீங்கள் வைத்த இடம் தப்பு.

வழி அடைபட்டது இரண்டாவது. முன்பு செய்ய முடிந்ததை இப்போது செய்யவே முடியவில்லை. சாரின் ரசீது மாதிரி. இதில் ஒருவர் சொன்னாலும் ஐம்பது பேர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, கூச்சம். இதை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். அடுத்து வருகிறேன், ஏனென்றால் நான் அதிகம் அடிவாங்கியது இங்கேதான்.

புது வசதி என்று நாம் நினைப்பது

அறிவிப்புகளுக்குக் கீழே "பார்த்தவர்கள்" என்று ஒரு பட்டியல் சேர்த்திருந்தேன். யாருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று செயலாளருக்குத் தெரியுமே என்ற நல்லெண்ணம். பட்டியலைச் செயலாளருக்கு மட்டும் காட்டியிருக்க வேண்டும், எல்லோருக்கும் காட்டினேன். இரண்டாவது வாரம் அறிவிப்புகளைத் திறப்பவர்களின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாடி மாமிதான் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது போட்டு உடைத்தார். "நான் பார்த்தேன்னு அவங்களுக்குத் தெரியுது. பார்த்துட்டும் மீட்டிங்குக்கு வரலையேன்னு கேட்கிறா. அதான் இப்போ பார்க்கறதே இல்லை. எதிர் வீட்டுப் பொண்ணு பார்த்துட்டு வந்து சொல்லிடுவா."

அடுத்தது, புகார்களுக்குக் கட்டைவிரல். ஒரே புகாரைப் பத்துப் பேர் எழுதாமல் ஒருவர் எழுத, மற்றவர் கட்டைவிரல் போட்டால் போதும். அதிக விரல் வாங்கியது மேலே வரும். கணக்குப்படி அழகான ஏற்பாடு. நடந்தது என்ன? குழந்தைகள் கீழே கிரிக்கெட் விளையாடுவதை நிறுத்தச் சொல்லும் புகார் 38 விரல்களோடு ஒரு மாதம் உச்சியில் உட்கார்ந்திருந்தது. பி பிளாக்கில் சாக்கடை அடைத்துக்கொண்ட புகாருக்கு மூன்று விரல். ஏனென்றால் அந்தக் குழாய் மூன்று வீட்டுக்குத்தான். அதோடு யார் யாருக்கு விரல் போட்டார், யார் போடவில்லை என்று படிக்கட்டில் நின்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வேலைமுறை. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன், "இதை வைத்து இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை போட முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் போடுவார்கள். முகம் தெரியாதவர்கள் நடுவில் சும்மா கிடக்கும் வசதி, தினமும் லிஃப்டில் சந்திக்கிறவர்கள் நடுவில் வேறு மாதிரி வேலை செய்யும். "பார்த்தவர்கள்" பட்டியலை எடுத்தேன். கட்டைவிரலை "எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை" என்று மாற்றினேன், வரிசையைத் தேதிப்படி ஆக்கினேன். எடுத்ததைச் சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். "இது சரிவரவில்லை, எடுத்துவிட்டோம்" என்று இரண்டு வரி போடுங்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் எனக்கு முதல் நன்றி வந்தது.

கேபினில் ஒரு மணி நேரம்

வாட்ஸப்பில் சத்தம் போடுகிறவர்கள் உங்கள் ஆட்களில் சிறு பகுதி. யாக்கோப் நீல்சன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் 2006-ல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: இணையக் கூட்டங்களில் நூற்றுக்கு 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது பேசுவார்கள், 1 ஆள்தான் ஓயாமல் பேசுவார். எங்கள் குடியிருப்பில் அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேசாதவர்களை எப்படிக் கேட்பது? சங்க அலுவலகத்தில் பழைய புகார்ப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கணக்குப்பிள்ளை அண்ணனிடம் வாங்கிப் புரட்டினேன். ஆப் மாறுவதற்கு முந்தைய மாதம் அதில் 4 புகார். மாறிய மாதம் 27. ஆப்பை விட்டுவிட்டு 23 தடவை பேனாவை எடுத்திருக்கிறார்கள், ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்: கவுன்ட்டரில் நீளும் வரிசை, ரிசப்ஷனுக்கு வரும் போன். அதை எண்ணுங்கள்.

அப்புறம், போய் உட்காருங்கள். அதே நீல்சன் 2000-ல் சொன்னது, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு வெளியே வந்துவிடும் என்று. நான் ஐவரில் ஒருவராக கேட் செக்யூரிட்டி அண்ணனை எடுத்துக்கொண்டேன். விழுப்புரம் பக்கத்துக்காரர். வருகிறவர்களைப் பதிவு செய்வது அவர் போனில்தான். கேபினில் பிளாஸ்டிக் ஸ்டூல், மேலே ஒரு சின்ன ஃபேன். ஒரு டெலிவரி பையன் வந்து நின்றான். அண்ணன் திரையை ஒருமுறை தட்டினார், மறுமுறை தட்டினார், பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பினார். திரையும் கூடவே தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இப்போது தட்டினார், வேலை செய்தது. அவர் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. தினமும் ஐம்பது தடவை இதைச் செய்கிறார் போல.

வாங்கிப் பார்த்தேன். போனின் வலது கீழ் மூலை கீறல் விழுந்து, அந்த இடத்தில் தொடுகை வேலை செய்யவில்லை. நான் புதிதாக வைத்த கூட்டல் குறி பட்டன் சரியாக அங்கே. எந்தப் புது ஆப்பைத் திறந்தாலும் அங்கேதான் இருக்கும், அதனால் யோசிக்காமல் நானும் அங்கே வைத்துவிட்டேன். போன் கையிலிருந்து விழுந்தால் முதலில் அடிபடுவது மூலைதான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"ஏண்ணே சொல்லல?" என்றேன். "போன் என்னுதுதானேம்மா ரிப்பேரு" என்றார்.

அவர் போய் ராத்திரி ஷிஃப்டுக்கு வருபவர் ஒடிசாக்காரர். தமிழும் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பழைய ஆப்பில் பச்சை என்றால் உள்ளே விடு, சிவப்பு என்றால் வீட்டுக்குப் போன் போடு. நான் எல்லாவற்றையும் கண்ணுக்கு இதமாக ஒரே சாம்பல் நீலத்தில் ஆக்கியிருந்தேன். இதம் யாருக்கு?

உட்காரும்போது ஒரு விதி: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "இங்கே அமுக்குங்க" என்று விரல் நீட்டினால் அன்றைய பாடம் போச்சு. அவர்கள் தவறினால் காத்திருங்கள். மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாகச் சில பாருங்கள். ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிகிற பட்டன் தமிழில் "பராமரிப்புக் கட்டணம்" ஆகும். எங்கள் திரையில் அது "பராமரிப்புக் கட்…" என்று நின்று, என்ன கட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு பாட்டி கேட்டார். வரி உயரத்தைக் குறைத்தால் மேலே புள்ளி வெட்டுப்படும். "தண்ணீர்" புள்ளி இழந்து பரிதாபமாக நின்றது. வயதானவர்கள் போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். உங்கள் போனிலும் அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதிக் கோளாறு வீட்டிலேயே தெரிந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5:1-க்குக் குறையக்கூடாது என்பது உலகப் பொதுவான அளவுகோல். பட்டன் சுமார் 9 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கும் கீழே போக வேண்டாம்.

பதில் எழுதும் விதம்

"உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கப்படும்." இதை எழுதினால் முனிசிபல் ஆபீஸ் கவுன்ட்டர் ஞாபகம்தான் வரும். யார் சொன்னது, என்ன செய்கிறேன், எப்போது முடியும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். நான் போட்ட ஒன்று: "ரசீதுப் பட்டியல் உள்ளே போய்விட்டதாக மூன்றாம் மாடியிலிருந்து சொன்னார்கள். சரிதான், என் தப்பு. வியாழன் மாலைக்குள் முதல் திரைக்கே வரும்." செய்ய முடியாததற்கும் அதே மாதிரி: "பழைய ஊதா நிறம் திரும்ப வராது. வெயிலில் அதன் மேல் எழுத்து தெரியவில்லை என்று லாரி டிரைவர்கள் சொல்கிறார்கள்." இல்லை என்று காரணத்தோடு சொன்னால் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இழுத்தடித்தால்தான் சண்டை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், மொத்தமாகப் பதில் போடுங்கள். தனித்தனியாகப் பதில் சொல்லப் போனால் ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும்.

எதைத் திருப்பிக் கொடுப்பது

பிடிவாதமும் வேண்டாம், மொத்தமாகச் சரணடைவதும் வேண்டாம். 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்த மைக்ரோசாஃப்ட், அடுத்த ஆண்டே 8.1-ல் அதைத் திருப்பி வைத்தது. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா புதுத் தோற்றத்துக்கு மாறியபோது இரண்டு பக்கமும் வெற்றிடம் வீணாகிறது என்று பெரிய கூச்சல். அவர்கள் பக்கத்தை அகலமாக்கிக்கொள்ள ஒரு சுவிட்சைக் கொடுத்தார்கள், பழைய தோற்றமும் வேண்டும் என்றவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு விக்கிப்பீடியா வழி பிடிக்கும். ஆனால் சுவிட்சுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் எந்தத் திரை யாருக்கு எப்படித் தெரிகிறது என்று உங்களுக்கே தெரியாது. எங்களுக்கு இரண்டே சுவிட்ச்: எழுத்து அளவு, பழைய தோற்றம்.

திருப்பிக் கொடுத்தவை: பச்சையும் சிவப்பும், ரசீதுப் பட்டியல், இடது மேல் மூலையில் லாரி பட்டன். கூட்டல் குறியைக் கீழே நடுவுக்கு நகர்த்தினேன். கொடுக்காதவை: ஊதா நிறம், மேலே ஓடிக்கொண்டிருந்த எழுத்து, கோலம் போட்ட பின்னணி. கோலத்துக்காக நாலு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மார்கழிக்கு மட்டும் போட்டுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய தோற்றத்தை மூடுவதற்குத் தேதி குறியுங்கள், குறித்தால் இரண்டு தடவை நினைவூட்டுங்கள். நான் பொங்கல் முடிந்து மூடுவதாக அறிவித்தேன். அதற்கு முந்தைய வாரம் பார்த்தபோது பழையதில் 9 வீடுகள்தான் இருந்தன. ஒவ்வொரு வீடாக ஏறிப்போய், அவர்கள் போனிலேயே மாற்றி, லாரி பட்டனை அவர்கள் விரலாலேயே இரண்டு தடவை அமுக்க வைத்தேன். ஆறு வீட்டில் காபி கிடைத்தது. எட்டு வீடுகள் மாறின.

ஒன்பதாவது, டி பிளாக் நாலாம் மாடி. எண்பதைத் தாண்டிய பாட்டி. போன் அவருடைய மகன் விட்டுப்போனது, மிகப் பழையது, புது ஆப் அதில் ஏறவே மறுக்கிறது. அவர் ஆப்பில் பார்ப்பது ஒன்றே ஒன்று, லாரி நேரம். பழையதில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறேன். சர்வர் கணக்கில் தினமும் காலை ஐந்தரைக்கு ஒரே ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவது தெரிகிறது.